நரம்பைத் திருத்துமா காந்தம்?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ரொறன்ரோ நகரிலிருந்து எனக்கொரு கடிதம் வந்தது. எழுதியவர் நம் கல்லூரியின் பழைய மாணவர், வேலணையிற் பிறந்தவர், 1980ஆம் ஆண்டளவில் என்னிடம் விஞ்ஞானம் கற்றவர். 1990ஆம் ஆண்டில் தீவக மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்த காலத்திற் குடும்பத்தோடு பண்ணையைக் கடந்து, பின்பு கடலையும் கடந்து போனவர். "ஐயா, வகுப்பிலே தவளையின் பின்னங்காலில் மின்கலத்தைத் தொடுத்துக் காட்டினீர்களே, நினைவிருக்கிறதா? உயிரற்ற கால் உதைத்ததைக் கண்டு நாங்கள் வாங்கை விட்டெழுந்து ஓடினோம்" என்று நகையோடு தொடங்கிய அக்கடிதம் இரண்டாம் பக்கத்தில் வேறொன்றாயிற்று. கனடாவிலே பிறந்து வளர்ந்த அவருடைய மகளுக்கு இருபத்தேழு வயது. மூன்றாண்டுகளுக்கு முன் ஒருநாட் காலையில் அவளுடைய வலக்கண் மங்கியது. சில வாரத்தில் அது தெளிந்தது. மறு ஆண்டில் இடக்கால் மரத்தது. அது முற்றாகத் தெளியவில்லை. வைத்தியர்கள் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார்கள், மருந்தும் கொடுத்துவருகிறார்கள். ஆயினும் மரத்த கால் மரத்தபடியே இருக்கிறது.

இந்நிலையில் அவர் ஒரு செய்தியைப் படித்திருக்கிறார். தலையின் மேல் ஒரு காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டினாற் சிதைந்த நரம்புறை மீண்டும் வளரும் என்பது அச்செய்தி. அதனைத் தொடர்ந்து, வேறொரு நாட்டிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்று அச்சிகிச்சையை இப்பொழுதே செய்வதாகவும் விளம்பரம் கண்டிருக்கிறார். கேட்கும் பணம் வீட்டை ஈடுவைத்தாற்றான் கிடைக்கும். "ஐயா, தவளையின் காலைத் துடிக்கச் செய்த மின்சாரம் என் மகளின் காலையும் நடக்கச் செய்யுமா? போகலாமா?" என்று கேட்டிருந்தார்.

நான் வைத்தியனல்லன், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன். எனினும் கேட்டவர் என் மாணவர். ஆதலின் கிடைத்தவற்றையெல்லாம் படித்து, படித்தவர்களையும் கேட்டு, அவருக்கு ஒரு மறுமொழி எழுதினேன். அதனை விழா மலரில் விரித்தெழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் பழைய மாணவரிற் பெரும்பகுதியினர் இன்று குளிர்நாடுகளிலே வாழ்கின்றனர். இத்தகைய கடிதம் நாளை நம்முள் எவருக்கும் வரலாம். எவரும் எழுத நேரலாம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். ஆங்கில வைத்தியர் இதனை மல்ரிப்பிள் ஸ்கிளெரோசிஸ் என்பர். பல இடங்களில் இறுகிப்போதல் என்பது சொல்லின் பொருள். பாரிஸ் நகரத்து வைத்தியர் சார்க்கோ 1868ஆம் ஆண்டில் இதனை ஒரு தனி நோயாக வகுத்துக் காட்டினார். இறந்தோரின் மூளையிலும் முண்ணாணிலும் ஆங்காங்கே தடித்துக் கிடந்த தழும்புகளே இப்பெயருக்குக் காரணமாயின. தமிழிற் பல்லிட நரம்பிறுக்கம் என வழங்கலாம் என்பது என் கருத்து; இதனினும் நல்ல சொல் கிடைப்பின் மகிழ்வேன்.

நம் நரம்பிழைகளிற் பல, மின்கம்பியைச் சுற்றிய இறப்பர்போல, மயலின் என்னும் கொழுப்புறையாற் போர்க்கப்பட்டுள்ளன. அவ்வுறை இடையறாது செல்வதன்று. சிறு சிறு இடைவெளிகள் விட்டே சுற்றப்பட்டிருக்கும். செய்தி அவ்விடைவெளிகளில் மட்டும் தங்கித் தாவித் தாவிச் செல்லும். யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்கு வரும் பேருந்தை எண்ணிப் பாருங்கள். அல்லைப்பிட்டி, மண்கும்பான், வங்களாவடி எனக் குறித்த இடங்களில் மட்டும் நின்றால் விரைந்து வந்து சேரும். வேலிக்கு வேலி, படலைக்குப் படலை நிற்கத் தொடங்கினால் எப்பொழுது வரும்? உறையில்லாத மெல்லிய நரம்பிழையிற் செய்தி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரமே செல்லும்; தடித்த உறையுடைய நரம்பிலோ நூறு மீற்றர்வரை செல்லும். இந்நோயில் உடலைக் காக்கவேண்டிய வெண்குருதிக் கலங்களே வழிதவறி அவ்வுறையைத் தாக்கிச் சிதைக்கின்றன. செய்தி தாமதிக்கிறது, சிலவிடத்து நின்றேவிடுகிறது. உறையிழந்து நெடுநாட் கிடந்த நரம்பிழை நாளடைவில் தானும் அழிகின்றது. பார்வைநரம்பில் உறை சிதைந்தாற் கண் மங்கும். முண்ணாணிற் சிதைந்தாற் கால் மரக்கும். பெரும்பாலும் இருபது வயதிற்கும் நாற்பது வயதிற்கும் இடையில், ஆண்களிலும் பெண்களுக்கே மிகுதியாக, இது தொடங்குகிறது. 2023ஆம் ஆண்டுக் கணிப்பின்படி உலகில் 29 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர். கனடாவில் மட்டும் 90,000 பேருக்கு மேல் உள்ளனர்.

நம் பாட்டனார் காலத்து வேலணையில் இப்படியொரு நோயை எவரும் கேள்விப்பட்டிலர் என்பர் முதியோர். அதில் ஓரளவு உண்மையுண்டு. நிலநடுக்கோட்டை அணுகிய நாடுகளில் இது குறைவு. வடக்கே போகப் போக மிகுகிறது. நம் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து பத்துப் பாகைக்குள் அடங்கியது. ஆனால் இங்கே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஆசியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இங்கிலாந்துக்குக் குடியேறியோரிடத்தில் இந்நோய் அரிதாயிருக்க, அங்கேயே பிறந்த அவர்தம் மக்களிடத்து அது ஆங்கிலேயர்க்குள்ள அளவை நெருங்கியிருந்தமையை எலியன், நைற்றிங்கேல், டீன் என்னும் மூவரின் ஆய்வு 1990ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியது. இரத்தம் ஒன்றே, பிறந்த நிலம் வேறு. இளமையிற் படும் வெயில் குறைதல் ஒரு காரணம் எனக் கருதுகின்றனர். எப்ஸ்ரைன்–பார் என்னும் வைரசு மற்றொரு காரணம். ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படைவீரரின் பதிவுகளை ஆராய்ந்த ஹாவார்ட் ஆய்வாளர், அவ்வைரசு தொற்றியபின் இந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்காகிறதென 2022ஆம் ஆண்டிற் கண்டனர். ஆயினும் அவ்வைரசு உலக மக்களுட் பெரும்பாலாரிடம் உள்ளது. நோய் வருவதோ மிகச் சிலர்க்கே. ஆகவே பெற்றோர் எவரும் "நாட்டை விட்டுப் போனதனாலன்றோ பிள்ளைக்கு வந்தது" என்று தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை. என் மாணவர் தம் கடிதத்தில் அவ்வாறே நொந்திருந்தார்.

மற்றொன்றையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். இந்நோயைப் போலவே கண்ணையும் முண்ணாணையும் தாக்கும் வேறொரு நோய் ஆசிய மக்களிடத்துண்டு. அதற்குரிய எதிர்ப்பொருளை 2004ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் கண்டறிந்த பின்னரே அது முற்றும் வேறானது என்பது உறுதியாயிற்று. முன்னதற்குக் கொடுக்கும் மருந்துகளுட் சில பின்னதை மோசமாக்கும். ஆகவே நம்மவர்க்கு நோயின் பெயரைச் சரியாக அறிதல் மருந்தை அறிதலினும் முந்தியது. "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி எண்ணெய் தேய்த்து ஈராண்டு கழித்துவிட்டு வைத்தியரிடம் போவோரை நான் அறிவேன். எண்ணெயிற் பிழையில்லை, ஈராண்டிலேதான் பிழை.

இனி, மருந்தைப் பற்றி. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முதல் இன்ரபெரோன் மருந்துக்கு அனுமதி கிடைத்தது; அதன்பின் வலிய மருந்துகள் பல வந்துவிட்டன. அவையெல்லாம் தாக்குதலைத் தடுப்பன. அடைப்பைக் கட்டி மாட்டைத் தடுக்கலாம். மேய்ந்துபோன பயிரை அடைப்புத் தளிர்க்கச் செய்யுமா? அதனைச் செய்யும் மருந்து இன்றுவரை வழக்கிற்கு வரவில்லை. என் மாணவரின் மகளுடைய கண்ணை மீண்டும் தாக்காமற் காக்க வழியுண்டு. மரத்த காலைத் திருப்பிக் கொடுக்க வழி காணவில்லை. காந்தத்தைப் பற்றிய செய்தி அவரை ஈர்த்ததற்குக் காரணம் இதுவே. அவரை நான் குறைகூறேன்.

வியப்புக்குரியது யாதெனின், பயிர் தானாகவே தளிர்க்க முயல்கின்றது என்பதே. மயலினைச் சுற்றுவன சில்கிளைக் கலங்கள் எனத்தக்க சிறு கலங்கள். வளர்ந்தோர் மூளையிலும் அவற்றுக்கு முன்னோடியான இளங்கலங்கள் எங்கும் பரந்திருக்கின்றன; மூளைக் கலங்களில் நூற்றுக்கு ஐந்து என்னும் அளவிலே எந்நேரமும் காத்திருக்கின்றன. உறை சிதைந்தவிடத்து அவை சென்று முதிர்ந்து புதிதாய் உறை சுற்றுவதுமுண்டு. நோயாளியின் பார்வை பெரும்பாலும் தெளிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஆண்டு செல்லச் செல்ல அவ்விளங்கலங்கள் சோர்ந்துவிடுகின்றன. வந்தும் முதிராது நின்றுவிடுகின்றன. அவற்றை எழுப்புவது எங்ஙனம் என்பதே இன்றைய ஆய்வின் வினா.

எழுப்பும் ஒலி மின்சாரமாக இருக்கலாம் என்னும் எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. மின்சாரத்துக்கும் நரம்புக்கும் உள்ள உறவு பழமையானது. உரோமப் பேரரசின் காலத்தில், கிறித்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டிலே, ஸ்கிரிபோனியஸ் என்னும் வைத்தியர் தலைநோவுக்கு மின்திருக்கை மீனை நெற்றியில் வைக்கச் சொன்னார். அவ்வினத்து மீன் நம் பாக்குநீரிணையிலும் உண்டு. இத்தாலியராகிய கல்வானி தவளைக் காலைத் துடிக்கச் செய்த சோதனையை 1791ஆம் ஆண்டில் வெளியிட்டார். நம் வகுப்பறை வரை வந்தது அதுவே. மாறுங்காந்தம் கம்பியில் மின்னை எழுப்பும் என்று 1831ஆம் ஆண்டிற் பரடே காட்டினார். அதே விதியைக்கொண்டு, மண்டையோட்டைத் திறவாமலே, மேலே பிடித்த சுருளினால் மூளையில் மின்னை எழுப்பி, மறுபக்கத்துக் கையை அசையச் செய்தவர் ஷெபீல்ட் நகரத்து அன்ரனி பாக்கர். அது 1985ஆம் ஆண்டு. இன்று பல நாடுகளில் மனச்சோர்வுக்கு அது அனுமதிக்கப்பட்ட சிகிச்சை. அமெரிக்கா 2008ஆம் ஆண்டில் அனுமதித்தது.

இவ்வரலாற்றில் ஒரு தமிழ்ப் பெண்மணியின் பெயரும் உண்டு. நம் மாணவருட் பலர் அதனை அறியார் என்பது வருத்தத்துக்குரியது. சென்னையிலே 1932ஆம் ஆண்டிற் பிறந்த ரி. எஸ். கனகா, 1968ஆம் ஆண்டில் நரம்பறுவைப் பட்டம் பெற்று, ஆசியாவின் முதல் நரம்பறுவைப் பெண் வைத்தியர்களுள் ஒருவராக விளங்கினார். 1950ஆம் ஆண்டிற் சென்னையில் நரம்பறுவைத் துறையைத் தொடங்கிய பா. இராமமூர்த்தி, அவருடன் உழைத்த பாலசுப்பிரமணியம், கல்யாணராமன் ஆகியோர் கூட்டத்தில் அவரும் ஒருவர். மூளையினுள்ளே ஒரு நுண்ணிய இலக்கை அளந்து ஊசியைச் செலுத்தும் முறையை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர்கள் அவர்கள். 1975ஆம் ஆண்டிலே, நோயாளியின் மூளைக்குள் நெடுநாள் இருக்கத்தக்க மின்முனையைப் பொருத்தித் தூண்டும் சிகிச்சையை இந்தியாவில் முதன்முதற் செய்தவர் கனகா அவர்களே. பிரான்சு நாட்டில் அம்முறை புதுவடிவம் பெற்று உலகப் புகழடைந்தது அதன்பின் பன்னிரண்டு ஆண்டு கழிந்தபோது. நூறு தடவைக்கு மேல் இரத்ததானம் செய்தவர். 1962ஆம் ஆண்டுச் சீனப் போர்க்காலத்திற் படையிலே வைத்தியப் பணி செய்தவர். 2018ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய மின்முனை நாம் பேசும் நோய்க்காகப் பொருத்தப்பட்டதன்று; உறையை வளர்ப்பதும் அதன் நோக்கமன்று. ஆயினும் மூளையை மின்னாற் தூண்டுதல் மேனாட்டார் மட்டும் அறிந்த மந்திரம் என்றெண்ணும் நம் பிள்ளைகளுக்கு அவருடைய வரலாறு மருந்தாகும் என்பதனால் இவ்வளவு சொன்னேன்.

நிற்க. மின்தூண்டலால் உறை வளருமா என்பதற்குச் சான்று யாது? நரம்பிழையில் மின்துடிப்பு ஓடினாற்றான் உறைசெய்யும் இளங்கலங்கள் பெருகும் என்பதை எலியின் பார்வைநரம்பிற் பாரெஸ், ராவ் என்னும் இருவர் 1993ஆம் ஆண்டிற் கண்டனர். 2009ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் ஆய்வாளர், வளர்ந்த மனிதருக்குப் பந்துகளை மாறிமாறி எறிந்து பிடிக்கும் வித்தையை ஆறு வாரம் பழக்கி, முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்தனர். நம் பெண்கள் ஆடிய அம்மானையை ஒத்தது அது. அப்பழக்கத்தால் நரம்பிழைகள் செல்லும் வெண்பொருட் பகுதியே மாற்றமடைந்திருந்தது. 2014ஆம் ஆண்டில் இலண்டன் ஆய்வாளர், புதிய சில்கிளைக் கலங்கள் உண்டாகாதபடி தடுக்கப்பட்ட எலிகள், கம்பிகள் ஒழுங்கின்றி அமைந்த சக்கரத்தில் ஓடக் கற்கமாட்டாது தடுமாறியதைக் காட்டினர். அதே ஆண்டில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து மிஷேல் மொஞ்சேயும் அவர்தம் குழுவினரும், எலியின் மூளையில் அசைவுக்குரிய பகுதியை ஒளியினாற் துடிக்கச் செய்ய, அங்கே புதிய கலங்கள் தோன்றி, உறை தடித்து, அவ்வெலியின் காலசைவும் திருந்தியதைக் கண்டனர். ஓடுகின்ற நரம்பே உறைபெறும் என்பது இவற்றாற் பெறப்படும்.

ஒளிச்சோதனைக்கு மூளையைத் திறந்து, நரம்புக்கலங்களின் மரபணுவையும் மாற்றல் வேண்டும். மனிதரிடம் அது இயலாது. அங்கேதான் பாக்கரின் காந்தச் சுருள் உதவிக்கு வருகிறது. அவுஸ்திரேலியாவின் தென்கோடியில் உள்ள தஸ்மேனியாத் தீவில், ஹோபார்ட் நகரத்து மென்சீஸ் ஆய்வுநிலையத்தில், கேலீன் யங் என்பாரும் அவர்தம் துணைவரும் எலிகளின் தலைமேல் வலி குறைந்த காந்தத் துடிப்பைச் செலுத்தினர். 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இது: புதிய கலங்கள் பிறக்கும் தொகை கூடவில்லை, ஆனால் பிறந்தவற்றுள் இறவாது பிழைத்து முதிர்ந்தவை கூடின. அவை சுற்றிய உறையும் நீண்டிருந்தது. இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். விதை மிகுதியாயிற்று என்று அவர்கள் சொல்லவில்லை. முளைத்தது கருகாமல் நின்றது என்றே சொன்னார்கள். இப்படி அளந்து பேசுவோரை நான் நம்புவேன். மயலினை நஞ்சூட்டி அழித்த எலிகளிலும் பின்னர் அவர்கள் நற்பயன் கண்டனர். அதன்மேல் மனிதரிடம், முதலிற் சிறு தொகையினரிற் பாதுகாப்பை நோக்கும் சோதனையும், பின்பு பெரியதொரு சோதனையும் தொடங்கினர். தீவில் இருந்துகொண்டு உலகத்துக்கு வேண்டியதொன்றைத் தேடுகின்றனர் என்பது தீவகத்தானாகிய எனக்குத் தனியொரு மகிழ்ச்சி.

இவ்வளவும் உண்மையாயின், போகலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் எலியின் மூளை ஒரு புளியங்கொட்டை அளவு. சுருளொன்றை வைத்தால் முழுவதும் அடங்கும். மனித மூளையிலோ காந்தத்தின் வலு மண்டையோட்டிலிருந்து இரண்டு மூன்று சதமமீற்றர் ஆழத்தில் மிகக் குறைந்துவிடும். என் மாணவரின் மகளுக்குத் தழும்பு இருப்பது முண்ணாணில் என்றால், தலைமேல் வைத்த சுருள் அதற்கு என்ன செய்யும்? எலிக்கு நஞ்சினாற் சிதைந்த உறை வேறு. மனிதருக்கு ஆண்டுக்கணக்காகத் தன் உடற்கலங்களே தாக்கிச் சிதைத்த உறை வேறு. அன்றியும் எலியின் மூளையை வெட்டி நுணுக்குக்காட்டியில் உறையை எண்ணலாம். உயிருள்ள மனிதரிடத்தில் உறை வளர்ந்ததா என்பதைப் படக்கருவியால் ஊகிக்கவே முடியும். காந்தத் தூண்டலுக்குப் பின் நோயாளியின் காலிறுக்கம் சில நாள் தளர்வதை 2007ஆம் ஆண்டிலேயே உரோம நகரத்து ஆய்வாளர் கண்டனர். அது மெய்யான ஆறுதல், இகழத்தக்கதன்று. ஆனால் இறுக்கம் தளர்தல் வேறு, உறை வளர்தல் வேறு. தளர்ந்த காலைக் காட்டி "பார், நரம்பு வளர்ந்துவிட்டது" என்று சொல்லுதல் எளிது. விளம்பரம் அதைத்தான் செய்கிறது.

இத்தகைய நம்பிக்கை வணிகம் இந்நோயாளரிடத்து முன்னரும் ஒருமுறை நடந்தது. அதுவும் கனடாவை மையமாகக்கொண்டே நடந்தது. 2009ஆம் ஆண்டில், இத்தாலியில் பெராரா நகரத்துச் சம்போனி என்னும் வைத்தியர், கழுத்து நாளங்கள் ஒடுங்குவதே இந்நோயின் வேர் என்றும், அவற்றைப் பலூனால் விரித்தால் நோயாளி தேறுவர் என்றும் வெளியிட்டார். அவருடைய மனைவியாரும் இந்நோயுற்றவர். ஆதலின் அவர் ஏமாற்ற எண்ணினாரல்லர். "விடுதலைச் சிகிச்சை" என்ற பெயர் தீப்போற் பரவியது. கனடாவில் அது வழங்கப்படாமையால் நோயாளர் போலந்து, மெக்சிகோ, கொஸ்ராறிக்கா, இந்தியா முதலிய நாடுகளுக்குத் தம் பணத்தையும் ஊரார் சேர்த்துக் கொடுத்த பணத்தையும் கொண்டு ஓடினர். திரும்பியோருட் பலர் தேறியதாகவே உணர்ந்தனர். கைத்தடியை வீசிவிட்டு நடந்த படங்களும் வெளிவந்தன. பின்பு கனடிய ஆய்வாளர் 104 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு நாளத்தை மெய்யாகவே விரித்தும், மற்றையோர்க்கு விரிப்பதுபோற் பாவனைமட்டும் செய்தும், யாருக்கு எது செய்யப்பட்டது என்பதை அவர்களே அறியாதவாறு ஓராண்டளவு கவனித்தனர். இரு கூற்றார்க்கும் வேற்றுமையில்லை என்ற முடிவு 2017ஆம் ஆண்டில் வந்தது. அதே ஆண்டிற் சம்போனி தாமே தலைமை தாங்கிய சோதனையும் பயனில்லை என்றே முடிந்தது. தம் கொள்கை பொய்த்ததைத் தாமே வெளியிட்டார் அவர். அந்த நேர்மைக்காக அவரை வணங்குவேன். எட்டு ஆண்டுகளிற் கைமாறிய பணத்தை எவரும் திருப்பிக் கொடுத்திலர்.

பாவனைச் சிகிச்சை பெற்றவரும் தேறியதாக உணர்தல் எங்ஙனம் என்று மாணவர் கேட்பர். இந்நோய் தானே ஏறித் தானே இறங்கும் இயல்பினது. மிகவும் வருந்தும் வேளையிலேயே ஒருவர் புதுச் சிகிச்சையை நாடுவர். அதன்பின் இயல்பாக இறங்குவதைச் சிகிச்சையின் பயன் என்று கொள்வர். அன்றியும் வீட்டை ஈடுவைத்துச் செய்ததொன்று பயனற்றது என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

இங்கே எனக்கொரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். "காத்திரு என்று சொல்லுதல் நலமுள்ளோர்க்கு எளிது, ஒவ்வோராண்டும் ஒவ்வோரடி குறைபவள் எவ்வளவு காலம் காத்திருப்பாள்?" என்பர். நேரிய வினா. இதற்கு முழு விடை என்னிடமில்லை. ஆனால் காத்திருத்தல் என்பது கைகட்டியிருத்தலன்று. முறையான சோதனையிற் சேரலாம். அங்கே பணம் கேட்கமாட்டார்கள். சுருள் மெய்யோ பாவனையோ என்பதைச் சொல்லவுமாட்டார்கள். பணம் கேட்டு, எல்லார்க்கும் மெய்ச்சுருளே என்று உறுதி கூறி, ஒப்புநோக்க எவரையும் வைத்திராத இடம் ஆய்விடமன்று, கடை. என் மாணவருக்கு எழுதிய மறுமொழியில் இதனை இருமுறை அடிக்கோடிட்டேன். சோதனையில் நம்மவர் சேர்தல் வேண்டும் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. மேனாட்டுச் சோதனைகளில் ஆசிய உடல்கள் மிகக் குறைவு. நம்மவரை அளவாது கண்ட முடிவை நம்மவர்க்குப் பொருத்துதல் என்றும் ஓர் ஊகமே.

அன்றியும், ஓடுகின்ற நரம்பே உறைபெறும் என்னும் கொள்கையை மெய்யென்று கொள்வோமாயின், நரம்பை ஓடச் செய்ய இன்று கையிலுள்ள வழி பயிற்சி. நடத்தல், பிடித்தல், நிமிர்தல் ஆகியவற்றை நாடோறும் முறையாகச் செய்விக்கும் இயன்மருத்துவரே அதற்கு ஆசிரியர். பயிற்சி உறையை வளர்க்கும் என்று மனிதரிடத்து நிறுவப்படவில்லை. ஆனால் இந்நோயாளர்க்கு வலுவையும் நடையையும் சோர்வையும் அது திருத்துவது பல சோதனைகளால் அறியப்பட்டது. காந்தத்துக்கு ஈடுவைக்க நினைப்பவர் பயிற்சிக்கு ஒரு நாளில் அரைமணி நேரம் ஒதுக்க மறப்பதைக் காண்கிறேன்.

இதனைச் சொல்லும்போதே, கடல் கடந்த பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். ஊர் வைத்தியசாலைக்கு ஏதாவது செய்வோம் என்னும் எண்ணம் உங்களுக்கு எழும்போதெல்லாம் முதலில் நினைவிற்கு வருவது இயந்திரம். இயந்திரத்துக்குப் பெயர்ப்பலகை பதிக்கலாம், படமும் எடுக்கலாம். நாளை எவரேனும் காந்தத் தூண்டற் கருவியொன்றை வாங்கியனுப்புவோம் என்று முன்வரக்கூடும். வேண்டாம் என்பது என் கருத்து. உறை வளர்க்கும் என்று நிறுவப்படாத கருவியை, அதனை இயக்கப் பயின்றோர் இல்லாத இடத்தில் வைத்தால் அது துணி போர்த்துக் கிடக்கும். அன்றேல், அதனினும் தீதாக, போலிநம்பிக்கை வழங்கும். அருமையாகவேனும் வலிப்பை உண்டாக்கவல்ல கருவி அது. வேலணையிலோ புங்குடுதீவிலோ நெடுந்தீவிலோ கால் மரத்த ஒருவர் நரம்பு வைத்தியரைக் காண யாழ்ப்பாணம் போகவேண்டும். சிலவற்றுக்குக் கொழும்பும் போகவேண்டும். நெடுந்தீவாயின் முதலிற் குறிகாட்டுவானுக்குப் படகேறல் வேண்டும். உடன் செல்பவரின் நாட்கூலியும் போகும். அந்தப் பயணச் செலவையும், வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் இயன்மருத்துவர் ஒருவரின் சம்பளத்தையும் பொறுப்பேற்பீர்களாயின், அதற்குப் பெயர்ப்பலகை வேண்டுமாயினும் நானே எழுதித்தருவேன். மருந்துப் பக்கத்திலும் ஒரு நற்செய்தி உண்டு. உலக சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இந்நோய்க்கென முதன்முறையாக 2023ஆம் ஆண்டில் மூன்று மருந்துகளைச் சேர்த்தது. அவற்றுள் ஒன்றாகிய ரிற்றுக்சிமாப் ஏனையவற்றை நோக்க விலை குறைந்தது. வறிய நாடுகளும் இதனை வாங்கி வழங்கவேண்டும் என்பதே அதன் கருத்து. நம் அரசையும் அவ்வாறு கேட்க நமக்கு உரிமையுண்டு.

மாணவருக்கு ஒரு சொல். 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு, மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியரைப் பயிற்றினார். எலும்புக்கும் நரம்புக்கும் சொல் தேடி நம் பண்டிதரோடு இருந்து உழைத்தார். அவ்வேலை நடந்த மண்ணிலே, தன் மகளின் நோய் யாது என்று ஒரு தாய் தமிழில் தெளிவாகப் படித்தறியத்தக்க பத்துப் பக்கம் இன்றைக்கும் அரிதாயிருக்கிறது. மருத்துவபீடம் புகும் நம் மாணவர் அதனை எழுதுவாராக. என் மாணவரின் மனைவியார் ஆங்கிலத்திற் கிடைத்ததைப் பாதி விளங்கி, பாதி விளங்காது, விளம்பரத்தை மட்டும் முழுதும் விளங்கிக்கொண்டவர். ஏனெனில் விளம்பரம் தமிழில் இருந்தது.

மறுமொழி எழுதி ஐந்து மாதமாயிற்று. பொங்கலுக்குப் பின் அவரிடமிருந்து மறுபடியும் ஒரு கடிதம் வந்தது. மகளின் மருந்தை வைத்தியர் மாற்றியிருக்கிறாராம். புதிய தாக்கம் வரவில்லையாம். கனடாவிலே நடைபெறும் சோதனைகளிற் சேரத் தகுதியுண்டா என்று அவளே எழுதிக் கேட்டிருக்கிறாளாம். கிழமைக்கு மூன்று நாள் இயன்மருத்துவரிடம் போகிறாள். வீட்டிலே, பேர்த்திக்கு அம்மானை ஆடக் காட்டிக் கொடுக்கிறார் வேலணையிலிருந்து போன பாட்டியார். மூன்றாவது காய் இன்னும் கைக்கு அடங்கவில்லையாம். அந்த மருத்துவமனைக்கு முற்பணம் கட்டவேண்டிய நாள் கடந்துவிட்டது என்றும், தாம் கட்டவில்லை என்றும் கடைசி வரியில் எழுதியிருந்தார்.